சூழலைக் காக்கும் பேக்கேஜிங் வடிவமைப்பு: படிப்பும் வேலையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவகாசியில் ஓர் அட்டைப்பெட்டி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். இப்போது சென்னையில் ஓர் உணவு நிறுவனத்தின் பேக்கேஜிங் பிரிவில் இருக்கிறேன். இந்தத் தொழிலில் 16 வருடம் ஓடிவிட்டது. கல்லூரிகளில் பேசிவிட்டு வந்தால், அடுத்த ஒரு வாரம் மாணவர்களும் பெற்றோர்களும் போன் செய்வார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பேக்கேஜிங் டிசைன் என்றால் டப்பா மேல் படம் வரைவதுதானே?

அது ஒரு பங்கு. கடையில் கண்ணில் படுவது அதுதான் என்பதால் எல்லாரும் அதையே முழு வேலை என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் என்ன நிறம், என்ன எழுத்து என்று முடிவு செய்பவர் ஒருவர். பாக்கெட் எந்த அளவில் இருக்க வேண்டும், எங்கே பிரிய வேண்டும், ஒரு பெட்டிக்குள் எத்தனை அடுக்கலாம் என்று முடிவு செய்பவர் இன்னொருவர். அந்த ஃபிலிமில் எத்தனை அடுக்கு, எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன், எந்தச் சூட்டில் சீல் ஆகும், எத்தனை மாதம் பிஸ்கட் நமுக்காமல் இருக்கும் என்று பார்ப்பவர் மூன்றாமவர். சிறிய நிறுவனத்தில் இந்த மூன்றையும் ஒரே ஆள் பார்ப்பதும் உண்டு. சூழல் பற்றிய முடிவுகளில் பெரும்பகுதி இரண்டாவது, மூன்றாவது ஆளின் மேசையில்தான் எடுக்கப்படுகிறது. படம் வரையத் தெரியாது என்பதற்காக இந்தத் துறையை விட்டு ஒதுங்க வேண்டியதில்லை.

பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டுக் காகிதம் போடுவதுதான் இதன் சாரமா?

சில பொருள்களுக்கு ஆமாம். பலவற்றுக்கு இல்லை. எனக்கு இது உறைத்தது ஒரு கடலை மிட்டாய் பாக்கெட்டால்.

தென்மாவட்டத்தில் கடலை மிட்டாய் போடும் ஒருவர், பிளாஸ்டிக்கே இல்லாத பாக்கெட் வேண்டும் என்று எங்களிடம் வந்தார். நல்ல மனிதர், நல்ல எண்ணம். எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை. பழுப்பு கிராஃப்ட் காகிதத்தில் அழகாக ஒரு கவர் செய்து கொடுத்தேன். சோதனைக்கு என்று 400 பாக்கெட் கடைகளுக்குப் போனது. அது ஐப்பசி மழைக்காலம். 9 நாளில் முதல் போன் வந்தது. பாக்கெட்டைப் பிரித்தால் மிட்டாய் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வெல்லம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிட்டது. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்த பாக்கெட்டை முகர்ந்தால் சிக்கு வாடை. கடலையின் எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போயிருந்தது. கிட்டத்தட்ட முழுச் சரக்கையும் கொட்ட வேண்டியதாகிவிட்டது.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 200 கிராம் மிட்டாயைக் காக்க ஐந்தாறு கிராம் ஃபிலிம் போதும். அந்த ஐந்தாறு கிராமை மிச்சம் பிடிக்கப் போய், 200 கிராம் உணவையும் அதற்காகப் பாய்ச்சிய தண்ணீரையும் காய்ச்சிய வெல்லத்தையும் எரித்த விறகையும் குப்பையில் போட்டிருக்கிறேன். பிறகு வேறு வழியில் போனோம். அவருடைய பழைய பாக்கெட்டுக்குள் இருந்த பிளாஸ்டிக் தட்டையும், ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகச் சுற்றியிருந்த தாளையும் நீக்கினோம். வெளி உறையை முழுக்க பாலிப்ரொப்பிலீன் என்ற ஒரே குடும்ப ஃபிலிமாக மாற்றினோம். 3 மாதம் தாங்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டு, 45 நாளுக்குள் விற்கும் அளவுக்கு மட்டும் கடைகளுக்கு அனுப்பச் சொன்னோம். மொத்த பிளாஸ்டிக் பாதிக்கும் கீழே வந்தது. மிட்டாயும் மொறுமொறுப்பாகவே இருந்தது.

அப்போதிலிருந்து எந்தப் பொருள் வந்தாலும் இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்கிறேன். உள்ளே இருப்பது எதனால் கெடும்? காலியான பிறகு இந்த உறையை யார் எடுத்துப் போவார்கள்?

'யார் எடுத்துப் போவார்கள்' என்றால் என்ன அர்த்தம்?

உங்கள் தெருவில் உள்ள காயலான் கடைக்கு ஒரு சாயங்காலம் போய் நில்லுங்கள். எந்த வகுப்பிலும் இவ்வளவு தெளிவாக விளங்காது.

பால் கவரைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோனால் எடைக்குக் காசு தருவார்கள். அது முழுக்க பாலிஎத்திலீன். உருக்கினால் மறுபடி குருணையாகிவிடும். சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினால் வேண்டாம் என்பார்கள். வெளியே ஒரு வகை பிளாஸ்டிக், நடுவே அலுமினியம் படிந்த அடுக்கு, உள்ளே சீல் ஆவதற்கு இன்னொரு வகை என்று ஒட்டியிருக்கும். அதைப் பிரித்தெடுக்க யாராலும் கட்டுப்படியாகாது. சிமென்ட் ஆலை உலையில் எரிபொருளாகப் போகலாம், அல்லது சாலைத் தாரோடு சேரலாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்டறிந்த பிளாஸ்டிக் சாலை முறைக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அது பெரிய வேலை. ஆனால் வடிவமைக்கிற நாம், சாலையில் போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பில் உறையை வடிவமைக்கக் கூடாது. அங்கே போய்ச் சேர்ந்த பிளாஸ்டிக் திரும்பவும் உறையாக வராது.

இதில் சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. பால் கவரின் மூலையை நாம் முக்கோணமாக வெட்டித் தூக்கிப் போடுகிறோம். கவர் கடைக்குப் போகும்; அந்த முக்கோணம் சாக்கடைக்குப் போகும். முழுதாகத் துண்டிக்காமல் ஒரு கீறல் மட்டும் போட்டால் துண்டு கவரோடேயே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் இதே யோசனையைச் சட்டமாக்கியிருக்கிறது. 3 லிட்டர் வரையுள்ள பான பாட்டில்களில் பிளாஸ்டிக் மூடி பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பது 2024 ஜூலை 3 முதல் அங்கே கட்டாயம். நிறமும் இப்படித்தான். பச்சை பெட் (PET என்ற பிளாஸ்டிக்) பாட்டிலை நிறமற்ற பாட்டில்களோடு சேர்த்து உருக்கினால் மறுபடி நிறமற்ற பாட்டில் கிடைக்காது. ஸ்ப்ரைட் 2022-இல் வட அமெரிக்காவில் தன் பச்சை பாட்டிலைக் கைவிட்டு நிறமற்ற பாட்டிலுக்கு மாறியது இதனால்தான்.

பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் சாஷேக்களுக்கு ஏதாவது வழி உண்டா?

இந்தத் துறையின் மிகக் கடினமான கணக்கு இதுதான். சாஷேயின் கதையும் நம் ஊரிலிருந்துதான் தொடங்குகிறது. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன், பாட்டில் ஷாம்பு வாங்க வசதியில்லாதவர்களுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று சிறு பாக்கெட்டில் அடைக்கும் முறையை முன்னெடுத்தார். அவர் மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். பிறகு 50 காசுக்குக்கூட ஷாம்பு கிடைத்தது. தினக்கூலி வாங்கும் வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் சிறுவயதில் கண்ணால் பார்த்தவன். சாஷேயை ஒரேயடியாகக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் ஒரு சாஷேயின் எடை கிராம் கணக்குக்கூட வராது. குப்பை எடுப்பவர் ஒரு கிலோ சேர்க்க ஆயிரக்கணக்கில் குனிந்து பொறுக்க வேண்டும். விற்றாலும் காசு கிடையாது. அதனால் யாரும் தொடுவதில்லை. கடையிலேயே நிரப்பிக் கொடுக்கும் இயந்திரம், ஒரே வகை பிளாஸ்டிக்கில் சாஷே, தண்ணீரே இல்லாத கட்டி ஷாம்பு என்று பல முயற்சிகள் நடக்கின்றன. எதுவும் இன்னும் சாஷேயின் விலைக்கும் வசதிக்கும் பக்கத்தில் வரவில்லை. உங்களில் ஒருவர் இதைத் தீர்த்தால் அது வாழ்நாள் சாதனையாக இருக்கும்.

துணிப்பை எப்போதும் பிளாஸ்டிக் பையைவிட நல்லதுதானே?

எத்தனை முறை பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருமுறை பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு புவி வெப்பமாதல் கணக்கில் சமமாக வர, பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்த வேண்டும் என்று வந்தது. காகிதப் பைக்கு அது 3 முறை. பருத்தி விளைவிக்கவும் நூற்கவும் நெய்யவும் ஆகும் செலவு அவ்வளவு.

ஆனால் அந்தக் கணக்கில் சாக்கடை அடைப்பதும் மாடு தின்பதும் வராது. நம் ஊருக்கு அவை பெரிய விஷயங்கள். அதனால் 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை நான் மனதார ஆதரிக்கிறேன். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையாக வந்த மஞ்சள் பையை எங்கள் அம்மா கைப்பிடி அறுந்தால் தைத்து, சாயம் போகும்வரை வைத்திருந்தார். அப்படி வைத்திருந்தால் 131 ஒரு பொருட்டே இல்லை. விழாவுக்கு விழா புதுப்பை கொடுத்து அலமாரியில் 30 பை சேர்ந்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

இப்படிக் கணக்குப் போடுவதற்கு வாழ்நாள் தாக்க மதிப்பீடு என்று பெயர். தொழிலில் எல்சிஏ என்றே சொல்வோம். ஓப்பன் எல்சிஏ என்ற மென்பொருள் இலவசம். படிக்கும்போதே பழகிவிடுங்கள். நேர்முகத் தேர்வில் இதைச் செய்து காட்டத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

மக்கும் பிளாஸ்டிக் வந்துவிட்டதே, அப்புறம் என்ன பிரச்சினை?

'மக்கும்' என்று பையில் எழுதியிருப்பது பெரும்பாலும் உரத் தொழிற்கூடத்தில் மக்கும் என்ற பொருளில்தான். ஐஎஸ்ஓ 17088 தரப்படி நடக்கும் சோதனை சுமார் 58 டிகிரி சூட்டில் நடக்கிறது. 180 நாளுக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும். உங்கள் வீட்டுக் கொல்லையிலோ கூவம் ஆற்றிலோ அந்தச் சூடு கிடைக்காது. போதாததற்கு, அந்தப் பை பார்க்க சாதாரணப் பை மாதிரியே இருப்பதால் காயலான் கடைச் சரக்கோடு கலந்து அதையும் கெடுக்கும். இந்தியாவில் மக்கும் பிளாஸ்டிக் தயாரிப்பவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று பெற வேண்டும். சான்று எண் இல்லாத பையை நம்ப வேண்டாம்.

உணவு ஒட்டிய தட்டு, காய்கறிக் கழிவு போடும் பை போன்றவை நேராக உரக்கிடங்குக்குப் போகிறவை. அவற்றுக்கு இது அருமையான பொருள். அதற்கு வெளியே எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை.

வாழை இலை, ஓலைப்பெட்டி, பாக்குமட்டைத் தட்டு எல்லாம் இந்தப் படிப்பில் வருமா?

பாடத்திட்டத்தில் அதிகம் வராது. நீங்கள்தான் தேடிப் படிக்க வேண்டும். தென் தமிழ்நாட்டில் கருப்பட்டியைப் பனை ஓலைப் பெட்டியில் வைத்து விற்பார்கள். அந்தப் பெட்டியை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஒட்டுப்பசை இல்லை, ஆணி இல்லை. முடைந்த முடைச்சலே பூட்டு. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாலும் நசுங்குவதில்லை. எந்த நல்ல பெட்டி வடிவமைப்பாளரும் செய்ய நினைக்கிற காரியம் அது. தொன்னை மடிப்பும் அப்படித்தான். ஒரு ஈர்க்குச்சியில் மொத்தமும் நிற்கும்.

ஆனால் இயற்கையில் கிடைத்தது என்பதாலேயே உணவுக்குப் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2025 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பாக்கிலுள்ள ஆல்கலாய்டுகள் உணவில் இறங்கலாம் என்று சொல்லி, பாக்குமட்டைத் தட்டுகளை விற்கக் கூடாது என்றது. தென்னிந்தியாவில் இதை நம்பித் தொழில் செய்பவர்களுக்கு அது பெரிய அடி. ஒரு பொருளிலிருந்து உணவுக்குள் என்ன இறங்குகிறது என்று சோதிக்கும் வேலைக்கு ஆள் தேவை. வேதியியல் படித்தவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பஜ்ஜியை நியூஸ் பேப்பரில் மடித்துக் கொடுப்பதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு பேக்கேஜிங் விதிகள் தடை செய்ததும் அச்சு மை எண்ணெயில் கரைந்து உள்ளே போவதால்தான்.

பிளஸ் டூ முடித்துவிட்டேன். எங்கே சேரலாம்?

கிண்டி பொறியியல் கல்லூரியில் பிரின்டிங் அண்ட் பேக்கேஜிங் டெக்னாலஜி என்ற பி.இ. படிப்பு இருக்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு வழியாகவே இடம் கிடைக்கும். துறைக்கு நேராக வர வேண்டும் என்றால் எனக்குத் தெரிந்து நம் மாநிலத்தில் இதுவே நல்ல வழி. உணவுப் பக்கம் விருப்பம் இருந்தால் தஞ்சாவூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெமில் பி.டெக். படிக்கலாம், அதற்கு ஜேஇஇ மெயின் எழுத வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்குக் கிண்டியில் உள்ள சிப்பெட் நிறுவனத்தின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப டிப்ளமோ நல்ல வாசல். ஆலைகளில் சிப்பெட் பிள்ளைகளுக்குத் தனி மதிப்பு உண்டு.

வடிவமைப்புப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு அகமதாபாத் உள்ளிட்ட ஊர்களில் இருக்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனங்களும் ஐஐடிகளின் பி.டெஸ். படிப்பும் உண்டு. முதலாவதற்கு டாட் தேர்வு, இரண்டாவதற்கு யுசீட் தேர்வு. அங்கே பேக்கேஜிங் என்று தனிப் பட்டம் எதிர்பார்க்காதீர்கள். பொருள் வடிவமைப்போ வரைகலையோ எடுத்து, புராஜெக்டுகளைப் பேக்கேஜிங்கில் செய்ய வேண்டும்.

ஏற்கெனவே டிகிரி முடித்துவிட்டேன். இனிமேல் வர முடியுமா?

தாராளமாக. இந்தத் துறையில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். இந்திய பேக்கேஜிங் நிறுவனம் (ஐஐபி) 1966-இல் மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் தொடங்கப்பட்டது. தலைமையகம் மும்பை; சென்னையிலும் மையம் உண்டு. அதன் 2 வருட முதுநிலை டிப்ளமோ, அறிவியல் அல்லது பொறியியல் பட்டதாரிகளுக்கானது. தொழிலில் ஐஐபி ஆள் என்றால் அறிமுகமே தேவையில்லை. வேலையில் இருந்துகொண்டே படிக்க அஞ்சல் வழிப் படிப்பும், 3 மாதச் சான்றிதழ்ப் படிப்பும் அவர்களிடம் உண்டு. எம்.டெக். வேண்டும் என்றால் ஐஐடி ரூர்க்கியின் சகாரன்பூர் வளாகத்தில் பேக்கேஜிங் தொழில்நுட்பம் படிக்கலாம்.

வெளிநாடு போகிற வசதி இருந்தால் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம். 1952-லிருந்தே பேக்கேஜிங்குக்குத் தனிப் பள்ளி நடத்துகிறது. ஆனால் கடன் வாங்கிப் போவது பற்றிக் கேட்டால், முதலில் இங்கே 2 வருடம் வேலை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்பேன்.

வணிகவியல், தமிழ், வரலாறு படித்தவர்களுக்கு இடமே இல்லையா?

ஐஐபி முதுநிலை டிப்ளமோவில் இல்லை. ஆனால் துறையில் இருக்கிறது. கொள்முதல், சட்ட இணக்கம், மறுசுழற்சிக் கணக்கு, உறையில் போகும் வாசகங்களைச் சரிபார்ப்பது போன்ற வேலைகளுக்கு எந்தப் பட்டமும் போதும். 3 மாதச் சான்றிதழ்ப் படிப்புக்கான தகுதியை மையத்தில் விசாரித்துக்கொண்டு சேர்ந்தால் தொழிலின் பேச்சுமொழி பிடிபட்டுவிடும்.

படிப்பில் என்னதான் சொல்லித் தருவார்கள்?

காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் என்ற நான்கு பொருள்கள், அவற்றை மாற்றும் இயந்திரங்கள், அச்சு முறைகள், சோதனைகள், விதிகள். புத்தகம் ஒரு பக்கம் இருக்கட்டும். சோதனைக்கூடத்தில் அதிக நேரம் இருங்கள்.

அட்டைப்பெட்டியை அமுக்கிப் பார்க்கும் சோதனை ஒன்று போதும், கண் திறந்துவிடும். இரண்டு இரும்புத் தட்டுக்கு நடுவே காலிப் பெட்டியை வைத்து மெல்ல அழுத்துவார்கள். பக்கச் சுவர் முதலில் வெளியே பிதுங்கும். மூலைகள் நான்கும் கடைசிவரை நிற்கும். பிறகு 'டொப்' என்று ஒரு மூலை மடங்கும். அந்த நொடியில் மீட்டரில் இருக்கும் எண்தான் பெட்டியின் பலம். சுமையைத் தாங்குவது மூலைகள்தான் என்று அப்போது தெரியும். கிடங்கில் பெட்டிகளைச் செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி அடுக்கினால் ஏன் நசுங்குகிறது என்பதும் அப்போதுதான் விளங்கும். மேல் பெட்டியின் மூலை கீழ்ப் பெட்டியின் நடுச்சுவரில் உட்காருகிறது. நேராக அடுக்கினாலே போதும் என்றால் 5 பிளை (ஐந்து காகித அடுக்கு) பெட்டியை 3 பிளை ஆக்கலாம். அவ்வளவு காகிதம் மிச்சம். யாருக்கும் விளம்பரப்படுத்த முடியாத, ஆனால் உண்மையான சூழல் பணி இது.

இன்னொரு கணக்கு. பெட்டியின் உயரம் 30 செ.மீ. என்றால் 240 செ.மீ. உயரத்துக்கு 8 அடுக்கு வரும். உள்ளே வீணாக இருக்கும் காற்றைக் குறைத்து 26.5 செ.மீ. ஆக்கினால் 9 அடுக்கு. 8 லாரி சரக்கு ஏறக்குறைய 7 லாரியில் போய்விடும். டீசல் மிச்சத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும்?

அச்சுக்கு இல்லஸ்ட்ரேட்டர். பெட்டி வடிவமைப்புக்கு ஆர்டியோஸ்கேட். ஜாடி, மூடி என்றால் சாலிட்வொர்க்ஸ். இவை வேலையில் சேர்ந்தபின்னும் கற்றுக்கொள்ளலாம். கத்தியும் ஸ்கேலும் வைத்து அட்டையில் கையால் மாதிரி செய்யத் தெரியாமல் மென்பொருளில் உட்காராதீர்கள். காகிதத்தின் நார் எந்தத் திசையில் ஓடுகிறது, மடிப்பில் ஏன் வெடிக்கிறது என்பதைக் கைதான் சொல்லும்.

சட்டம் எதற்கு? நான் வடிவமைப்பாளர்தானே?

இப்போது வேலை வாய்ப்பே சட்டத்தால்தான் பெருகுகிறது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் 14 வகை பிளாஸ்டிக்குகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதல் ஸ்ட்ரா, கரண்டி முதல் இனிப்புப் பெட்டியைச் சுற்றும் பிளாஸ்டிக் தாள் வரை தடை. கடையில் தரும் பிளாஸ்டிக் பை என்றால் 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது.

இவற்றைவிட முக்கியமானது, உற்பத்தியாளரே தன் உறைக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி. தொழிலில் இபிஆர் என்போம். 2022 பிப்ரவரியில் விரிவான வழிகாட்டுதல் வந்தது. அதில் கெட்டியான பிளாஸ்டிக் உறைகளில் 2025-26 முதல் 30 சதவீதமும், 2028-29-இல் 60 சதவீதமும் மறுசுழற்சி பிளாஸ்டிக் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு ஷாம்பு பாட்டிலை அப்படி மாற்றினால் நிறம் மங்கும், மணம் மாறும், விழுந்தால் உடையலாம். அதையெல்லாம் சரிசெய்வது நீங்கள்தான். திருப்பூர்ப் பக்கம் ஏற்றுமதி நிறுவனங்களில் சேர்ந்தால் ஐரோப்பாவின் புதிய பேக்கேஜிங் ஒழுங்குமுறையும் தெரிய வேண்டும். 2026 ஆகஸ்ட் 12 முதல் நடைமுறை, சட்டையைச் சுற்றும் பாலி கவருக்கும் அது பொருந்தும்.

வேலை எங்கே கிடைக்கும்? சம்பளம்?

உணவு, மருந்து, அழகுப்பொருள் நிறுவனங்களில் பேக்கேஜிங் மேம்பாட்டுப் பிரிவு. ஃபிலிம், அட்டை, அச்சு ஆலைகளில் வடிவமைப்பும் தரமும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் மின்னணு, வாகன உதிரிபாக ஆலைகளில் போக்குவரத்துப் பெட்டிகள். திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கூடைகளுக்கு மாறும் வேலை அங்கே நிறைய. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் கரூர் மாவட்டத்துத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் போன்ற ஆலைகள். அப்புறம், இபிஆர் கணக்குப் பார்க்கும் ஆலோசனை நிறுவனங்கள்.

தொடக்கச் சம்பளம் ஐடி வேலையோடு போட்டி போடாது; ஆலையில் சேரும் மற்ற இளம் பொறியாளர்களுக்குக் கிடைப்பதுதான். ஐந்தாறு வருடம் ஒரு பொருளில் ஆழமாக இறங்கினால் நிலைமை மாறும், ஏனென்றால் ஆள் குறைவு. பெண்களுக்குச் சரிப்படுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். எங்கள் குழுவில் 7 பேரில் 4 பேர் பெண்கள். ஆலைச் சோதனை ஓட்டத்துக்கு அவர்களும் இரவு ஷிப்டில் நிற்கிறார்கள்.

நிறுவனம் பொய்யாகப் பச்சை இலை படம் போடச் சொன்னால்?

எனக்கு நேர்ந்திருக்கிறது. வெளியே காகிதம், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருந்த ஒரு கப்பின் மேல் '100 சதவீதம் இயற்கை' என்று போடச் சொன்னார்கள். நேரே மறுத்தால் வேறு ஆளை வைத்துச் செய்துவிடுவார்கள் என்று தெரியும். அதனால் அந்த வாசகத்துக்கு என்ன சான்று காட்டப் போகிறோம் என்று எழுத்தில் கேட்டேன். தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் உண்டு என்பதையும் சேர்த்து எழுதினேன். வாசகம் போய்விட்டது. எழுத்தில் கேளுங்கள், அது உங்களையும் காக்கும்.

நேர்முகத் தேர்வுக்கு எதைக் கொண்டுபோவது?

நான் ஆள் எடுக்கும்போது கற்பனைப் பிராண்டுக்கு வரைந்த அழகுப் படங்களை வேகமாகப் புரட்டிவிடுவேன். ஒரு உண்மையான உறையை எடுத்து, அளந்து, எடை போட்டு, எங்கே வீணாகிறது என்று சொல்லி, ஒரு மாற்றத்தைச் செய்து காட்டிய இரண்டு பக்கம் இருந்தால் அங்கே நின்றுவிடுவேன். தோற்றுப்போன முயற்சியையும் வையுங்கள். என் கடலை மிட்டாய்க் கதையை நான் இன்றும் வைத்திருக்கிறேன்.

படிப்பில் சேர இன்னும் சில மாதம் இருக்கிறது. இப்போதே என்ன செய்யலாம்?

ஒரு வாரத்துக்கு உங்கள் வீட்டில் காலியாகும் எல்லா உறையையும் கழுவிக் காயவைத்து ஒரு சாக்கில் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை தரையில் கொட்டிப் பரப்புங்கள். நகைக் கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒவ்வொன்றையும் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். கத்தரித்து அடுக்கு எத்தனை என்று பாருங்கள். ஃபிலிமைக் கிழித்தால் உள்ளே வெள்ளி மின்னுகிறதா, முக்கோணக் குறிக்குள் என்ன எண் இருக்கிறது என்று குறியுங்கள். பிறகு சாக்கைத் தூக்கிக்கொண்டு காயலான் கடைக்குப் போய், எதை எடுக்கிறார், எதைத் தள்ளுகிறார், ஏன் என்று அண்ணனிடம் கேளுங்கள். அவர் தள்ளியவற்றை மட்டும் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து மேசை மேல் வையுங்கள். சேர்க்கை தொடங்கும்வரை அவை அங்கேயே இருக்கட்டும்.